மூன்றாவது கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணா? திருகோணமலை வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினாலே மூதூர் இறங்குதுறையிலிருந்து நிலாவெளிச் சந்தி வரை ஒரே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. ரெண்டு பெரிய கட்சியிலும் சலித்துப்போன சனம், வேறு யாருக்காவது போட நினைத்தும் கடைசி நாளில் பழைய சின்னத்துக்கே புள்ளடி போட்டுவிட்டு வருகிறது. காரணம் பயம். அந்தப் பயத்தில் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு என்பதைச் சட்டத்தையும் கணக்கையும் வைத்து இங்கே எழுதியிருக்கிறோம். எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்பது உங்கள் முடிவு.

ரெண்டு கட்சி முறை எண்டு சொல்லுறீங்க. வாக்குச்சீட்டில முப்பது நாப்பது சின்னம் கிடக்குதே?

சின்னம் நிறையத்தான். ஆனால் 1946இல் தொடங்கிய ஐக்கிய தேசியக் கட்சியும் 1951இல் தொடங்கிய சுதந்திரக் கட்சியும் மாறி மாறி ஆண்ட பழக்கம் நாட்டின் மனதில் ஊறிவிட்டது. பச்சை (ஐ.தே.க.) இல்லையென்றால் நீலம் (சுதந்திரக் கட்சி). பிறகு பச்சையிலிருந்து தொலைபேசிச் சின்னத்து ஐக்கிய மக்கள் சக்தி பிரிந்தது, நீலத்திலிருந்து மொட்டுச் சின்னத்துப் பொதுஜன பெரமுன முளைத்தது. பெயர் மாறினாலும் "வெல்லப்போகிற ரெண்டு பேரில் ஒருவருக்குப் போடு" என்ற கணக்கு மாறவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டும் முதல் இருவருக்கே நூற்றுக்கு 75 வாக்குகள் போயின.

பழைய தொகுதி முறை இதை இன்னும் மோசமாக்கியது. 1977இல் ஐ.தே.க. ஏறக்குறைய 51 வீத வாக்கோடு 168இல் 140 ஆசனங்களை எடுத்தது. சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 30 வீத வாக்கு கிடைத்தும் 8 ஆசனங்கள்தான். வாக்கு ஓரிடத்தில் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 வீதம்கூட எடுக்காமல் 18 ஆசனங்களோடு எதிர்க்கட்சி ஆனது. இன்று அந்த முறை இல்லை. அந்தக் காலத்துப் பயம் மட்டும் இன்னும் இருக்கிறது.

மூன்றாவது கட்சி எண்டா எது? தமிழரசும் முஸ்லிம் காங்கிரசும் மூன்றாவதா?

மூன்றாவது என்பது கட்சியின் குணமல்ல, அந்த வாக்குச்சீட்டில் அதன் இடம். தமிழரசுக் கட்சி 1949இல் தொடங்கி, முதல் தேசிய மாநாட்டை 1951இல் நம்முடைய திருகோணமலையில்தான் நடத்தியது. இவ்வளவு பழைய கட்சி 2020 பாராளுமன்றத் தேர்தலில் இந்த மாவட்டத்தில் மூன்றாவதாகவே வந்தது. 39,570 வாக்குகள், நாலில் ஒரு ஆசனம். அதே கட்சி வேறொரு மாவட்டத்தில் முதலாவதாக வரும்.

எந்த ஒரு சமூகமும் தனியே பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. அதனால் மூன்றாவது இடம் இங்கே வெறும் ஆறுதல் பரிசு அல்ல. அதற்கு ஆசனம் கிடைக்கும்.

சுருக்கமாச் சொல்லுங்க, மூன்றாவதுக்குப் போட்டா வோட்டு வீணாப் போகுமா இல்லையா?

எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்தது. ஜனாதிபதித் தேர்தலில் வீணாகாது, நீங்கள் 2ஐயும் 3ஐயும் போட்டால். பாராளுமன்றத் தேர்தலில் வீணாகலாம், ஆகாமலும் விடலாம். கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலில் வீணாவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேநீர்க் கடை வாதம் முடிவதே இல்லை. கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜனாதிபதித் தேர்தல்ல 1, 2, 3 எண்டு போடுறது எதுக்கு?

வெல்வதற்குச் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாரும் அதைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்டவர்களின் சீட்டுகளை மட்டும் மறுபடி எடுப்பார்கள். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்குப் போடப்பட்டிருந்தால் அவர் கணக்கில் சேரும். 2உம் நீக்கப்பட்டவருக்கே என்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டு ஓரமாகப் போய்விடும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் விளங்கும். முதல் இருவரில் ஒருவருக்கு 1 போட்டவரின் 2ஐயும் 3ஐயும் யாரும் பார்க்கப்போவதில்லை. மூன்றாவது ஆளுக்கு 1 போடுபவருக்குத்தான் 2 உயிர். மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போடுங்கள். வெல்லக்கூடிய இருவரில் ஓரளவாவது பொறுத்துக்கொள்ளக்கூடியவருக்கு 2 அல்லது 3 போடுங்கள். பயமும் தீர்ந்தது, விருப்பமும் பதிவானது.

அப்பிடி எண்ணினதே இல்லையே, சும்மா சட்டத்தில கிடக்கிறதுதானே?

2024 செப்டெம்பர் வரை அப்படித்தான் இருந்தது. அந்தத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் எடுத்ததால் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அநுரவுக்கு 1,05,264 வாக்குகளும் சஜித்துக்கு 1,67,867 வாக்குகளும் கூடின. முடிவு மாறவில்லை.

நம்மை உறுத்துவது வேறொரு கணக்கு. மற்ற வேட்பாளர்களுக்கு 1 போட்டவர்கள் 33 இலட்சம் பேர். அவர்களிடமிருந்து இரண்டாம் எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். பத்தில் ஒன்றுகூட இல்லை. மீதிப் பேர் 2, 3 போடாமலே விட்டார்கள், அல்லது அவற்றையும் நீக்கப்பட்டவர்களுக்கே போட்டார்கள். வாக்கு வீணாகுமே என்று கவலைப்படும் நாடு, வீணாகாமல் காக்கும் வழியைப் பாவிக்கவே இல்லை.

புள்ளடி மட்டும் போட்டா செல்லுமா?

செல்லும். ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டால் அது 1 போட்டதற்குச் சமம். ஆனால் புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். ரெண்டு பேருக்கு 1 போடாதீர்கள். 1 இல்லாமல் 2, 3 மட்டும் போட்டாலும் நிராகரிக்கப்படும்.

தமிழ்ப் பொது வேட்பாளருக்குப் போட்ட வாக்கு என்ன ஆச்சு?

2024 ஜனாதிபதித் தேர்தலில் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு நாடு முழுதும் 2,26,343 வாக்குகள், 1.70 வீதம். வெல்வதற்காக நிறுத்தப்பட்டவர் அல்ல, ஒரு செய்தி சொல்வதற்காக நிறுத்தப்பட்டவர். எத்தனை பேர் அந்தச் செய்தியோடு நின்றார்கள் என்பது எண்ணிக்கையில் பதிந்துவிட்டது. அந்த அளவில் அது வீணில்லை.

1ஐச் செய்திக்கும் 2ஐ ஆட்சிக்கும் பாவித்திருந்தால் ரெண்டும் நடந்திருக்கும். "இரண்டாவது வாக்குக் கேட்பது கொள்கையை விற்பது" என்று மேடையில் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சட்டம் தந்த ஆயுதத்தை உறையிலேயே வைத்திருப்பதில் கொள்கை எங்கே இருக்கிறது?

பாராளுமன்றத் தேர்தல்ல நாலு ஆசனத்தை எப்பிடிப் பிரிக்கிறாங்க?

திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளின் வாக்குகளையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே கணக்கு. ஒரு கற்பனை எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். செல்லுபடியான வாக்கு 2,00,000. ‘அ’ பட்டியல் 80,000, ‘ஆ’ 60,000, ‘இ’ 40,000, ‘ஈ’ 12,000, மிச்சம் 8,000 சின்னச் சின்னக் குழுக்களுக்கு.

முதலில், 5 வீதம், அதாவது 10,000 எடுக்காதவர்களை வெட்டுவார்கள். மிஞ்சுவது 1,92,000. அடுத்து, முதலாவதாக வந்த ‘அ’வுக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் மூன்று. 1,92,000ஐ மூன்றால் பிரித்தால் 64,000. இதுதான் ஒரு ஆசனத்தின் விலை. ‘அ’ அதைக் கொடுத்து ஒரு ஆசனம் எடுக்கும், கையில் 16,000 மிஞ்சும். மற்ற யாரிடமும் 64,000 இல்லை. இப்போது மீதமுள்ள ரெண்டு ஆசனங்களை மிச்ச வாக்கின் வரிசைப்படி கொடுப்பார்கள். 60,000 வைத்திருக்கும் ‘ஆ’வுக்கு ஒன்று, 40,000 வைத்திருக்கும் ‘இ’க்கு ஒன்று.

முடிவு 2-1-1. 2024 நவம்பரில் இந்த மாவட்டத்தில் வந்ததும் இதே வடிவம்தான்: தேசிய மக்கள் சக்தி 2, ஐக்கிய மக்கள் சக்தி 1, தமிழரசுக் கட்சி 1.

அப்ப 5 வீதம் தாண்டினா ஒரு ஆசனம் வந்திடும், என்ன?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. 5 வீதம் வாசலுக்குள் விடும், நாற்காலி தராது. மேலே ‘ஈ’ பட்டியலைப் பாருங்கள். 6 வீதம் எடுத்தும் வெறுங்கை. நாலு ஆசன மாவட்டத்தில் மூன்றாவதாக வருகிறவர் தாண்ட வேண்டிய கோடு வேறு: முதலாவது பட்டியலின் கையில் மிஞ்சும் வாக்கு. நம் உதாரணத்தில் அது 16,000. கம்பஹாவில் 2024இல் 19 ஆசனங்கள், கொழும்பில் 18. அங்கே ஆசனத்தின் விலை மலிவு, 6 வீதத்துக்கு ஆசனம் கிடைக்கும். கொழும்புக் கணக்கை இங்கே கொண்டுவந்து பேசுகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

இந்த எல்லையை 5 வீதமாகக் குறைத்ததே 1988இல் வந்த 15ஆவது திருத்தம்தான். அதற்கு முன் 12.5 வீதம்.

சின்னக் கட்சி மூன்று தனித்தனியாக் கேட்டா என்ன நட்டம்?

முழு நட்டமும் அதில்தான். ‘இ’யின் 40,000 வாக்கு மூன்றாக உடைந்து 14,000, 13,000, 13,000 என்று போகிறது என்று வையுங்கள். மூன்றுமே 5 வீதம் தாண்டிவிட்டன, யாரும் வெட்டப்படவில்லை, ஆசனத்தின் விலையும் அதே 64,000. ‘ஆ’வுக்கு ஒன்று போனபின் கடைசி ஆசனத்துக்குப் போட்டி. ‘அ’வின் கையில் 16,000, உடைந்தவர்களில் பெரியவரிடம் 14,000. ஆசனம் ‘அ’வுக்கு. நூற்றுக்கு 40 எடுத்தவருக்கு நாலில் மூன்று, 20 வீத வாக்காளருக்கு ஒன்றுமில்லை. ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை, ஆசனம் மட்டும் கைமாறிவிட்டது.

சேர்ந்து கேட்பதென்றால் ஒரு சின்னம், ஒரு பட்டியல், ஏழு பெயர். ஆசனத்தைவிட மூன்று பேர் கூடப் போடலாம் என்பதால் நாலுக்கு ஏழு. கூட்டு உடைவது கொள்கையில் அல்ல, இந்த ஏழு பெயரில்தான். எந்தக் கட்சிக்கு எத்தனை பெயர், தேசியப் பட்டியலில் ஒன்று கிடைத்தால் யாருக்கு, சின்னத்தின் சொந்தக்காரர் நடுவில் மனம் மாறினால் என்ன: மூன்றையும் வேட்புமனுவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட கூட்டு வேட்புமனுத் தாக்கலின் கடைசி இரவில் சிதறும்.

விருப்பு வாக்கை எப்பிடிப் போடுறது?

முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ ஒரு புள்ளடி. பிறகு சீட்டின் கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்று பேர் வரைக்கும் புள்ளடி, அதுதான் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் போச்சு. மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு எண்ணப்படும், விருப்பு வாக்கு எண்ணப்படாது.

மூன்றாவது கட்சிக்குப் போடுகிறவர் விருப்பு வாக்கை விடவே கூடாது. ஒரு ஆசனம் வரும் பட்டியலில் யார் போவது என்பதை முடிவு செய்வது அதுதான். இடம் வெறுமையானாலும் அதே வரிசைதான். 2024 யூன் 30இல் இந்த மாவட்டத்தின் தமிழரசுக் கட்சி உறுப்பினர் இரா. சம்பந்தன் காலமானபின் அந்த ஆசனம் பட்டியலில் அடுத்திருந்த சண்முகம் குகதாசனுக்குப் போனது.

மூன்றாவது நிண்டா எதிர்ப்பக்கம் முதலாவதா வந்து போனசை எடுத்திடும் எண்டு பயமுறுத்துறாங்க. உண்மையா?

சில நேரம் உண்மை. போனஸ் ஒரு வாக்கு வித்தியாசத்திலும் போகும். ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடைவெளி சிறிதாக இருந்து, உங்கள் வாக்கு வேறுவழியில்லாமல் ‘ஆ’வுக்குப் போகக்கூடியதாக இருந்தால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நம் உதாரணத்தில் இடைவெளி 20,000. ‘ஈ’யின் 12,000 முழுக்க ‘ஆ’வுக்குப் போனாலும் முதலிடம் மாறாது. அந்த நிலையில் "வாக்கைப் பிரிக்காதே" என்ற கூச்சல் வெறும் மிரட்டல்.

சொல்கிறவரிடம் எண்களைக் கேளுங்கள். போன தேர்தலின் மாவட்ட முடிவு தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தொகுதி வாரியாக இருக்கிறது. மேலே காட்டிய கணக்கை ஒரு தாளில் போட ஐந்து நிமிடம் போதும். எண் சொல்லாமல் பயம் மட்டும் சொல்கிறவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

மாவட்டத்தில தோத்தா எல்லாம் முடிஞ்சுதா? தேசியப் பட்டியல் என்ன?

225இல் 196 மாவட்டங்களுக்கு, 29 தேசியப் பட்டியலுக்கு. இந்த 29ஐ நாடு முழுவதும் எடுத்த மொத்த வாக்கின்படி பிரிப்பார்கள். ஒரு மாவட்டத்திலும் வெல்லாத கட்சியும் உள்ளே வரலாம். 2020இல் ஐ.தே.க. 2.15 வீதத்தோடு ஒரு மாவட்ட ஆசனமும் இல்லாமல் ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் எடுத்தது. 67,758 வாக்கு எடுத்த இன்னொரு கட்சிக்கும் ஒன்று கிடைத்தது. அதனால் பல மாவட்டங்களில் கேட்கும் கட்சிக்கு இங்கே போட்ட வாக்கு, இங்கே ஆசனம் தராவிட்டாலும் அங்கே போய்ச் சேரும். ஒரே மாவட்டத்தில் கேட்கும் சின்னக் குழுவுக்கு இதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சபைத் தேர்தல் வேற மாதிரி எண்டு சொன்னீங்க. எப்பிடி?

உள்ளூராட்சி சபை உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் நேரே வெல்பவர்கள், 40 வீதம் விகிதாசாரப் பட்டியல். ஒரே சீட்டு, ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. 20 பேர் கொண்ட ஒரு பிரதேச சபையில் 10,000 வாக்கு விழுந்தால் ஒரு இடத்தின் விலை 500. ஒரு குழு எந்த வட்டாரத்திலும் வெல்லாமல் சபை முழுக்க 1,100 வாக்கு சேர்த்தால் ரெண்டு பேர் பட்டியலால் உள்ளே போவார்கள். உங்கள் வட்டாரத்தில் உங்கள் ஆள் தோற்றாலும் அந்த வாக்கு சபைக் கணக்கில் நிற்கிறது.

மூன்றாவது சக்தி ஒன்றை இந்த மாவட்டத்தில் கட்டியெழுப்ப நினைப்பவர்களுக்கு எங்கள் உறுதியான கருத்து: பாராளுமன்றத்தில் தொடங்காதீர்கள், சபையில் தொடங்குங்கள். குச்சவெளியிலோ வெருகலிலோ தம்பலகாமத்திலோ ரெண்டு நல்ல உறுப்பினர் நாலு வருடம் வேலை செய்து காட்டினால், அடுத்த பொதுத் தேர்தலில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். எந்தப் பட்டியலும் பாதியைத் தாண்டாவிட்டால் தவிசாளரை முதல் கூட்டத்தில் உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவார்கள். அன்றைக்கு அந்த ரெண்டு பேருக்கும் உள்ள மதிப்பைப் பெரிய கட்சிக்காரர் வீடு தேடி வந்து சொல்வார்கள்.

ரெண்டு மூன்று பேர் உள்ள போய் என்னத்தைக் கிழிக்கலாம்?

திருகோணமலையில் இயங்கிய கிழக்கு மாகாண சபையையே பாருங்கள். 2012 தேர்தலில் 37 இடங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐ.தே.க. 4, இன்னொரு கட்சி 1. பெரும்பான்மைக்கு 19 வேண்டும், யாரிடமும் இல்லை. 7 பேர் வைத்திருந்தவர்கள் 14ஓடு சேர்ந்தபோது ஒரு முதலமைச்சர் வந்தார். 2015இல் மறுபக்கம் திரும்பியபோது முஸ்லிம் காங்கிரசைச் சேர்ந்தவரே முதலமைச்சரானார், தமிழரசுக் கட்சிக்கும் அமைச்சுகள் கிடைத்தன. ஆட்சியின் சாவி மூன்றாவது இடத்தில் இருந்தவர்களின் கையில் இருந்தது. அதைச் சனத்துக்காகப் பாவித்தார்களா என்பது அடுத்த கேள்வி, அதையும் கேட்கத்தான் வேண்டும். அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தபின் தேர்தல் வைக்காமலே ஆண்டுகள் ஓடின.

வென்ற பிறகு பெரிய கட்சிக்குத் தாவிட்டா என்ன செய்யலாம்?

அரசியலமைப்பின் 99(13) உறுப்புரையின்படி கட்சி உறுப்புரிமை போனால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். ஆனால் நீக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம். விசாரணை முறையாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டால் நீக்கம் செல்லாது. கட்சியின் ஒழுக்காற்று விதி ஓட்டையாக இருந்தால் தாவியவர் தப்பிவிடுவார். 2020 ஒக்டோபரில் அரசாங்கம் கொண்டுவந்த 20ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்தே சிலர் கை உயர்த்தியதை நாடு பார்த்தது.

வாக்காளர் செய்யக்கூடியது முன்கூட்டிய வேலை. வேட்பாளரின் பழைய கட்சிகளைப் பாருங்கள். மூன்று தேர்தலில் மூன்று சின்னத்தில் நின்றவர் நாலாவதிலும் மாறுவார். விருப்பு வாக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது.

நாங்களே ஒரு கட்சி தொடங்கினா என்ன?

பெயர் வைத்தவுடன் சின்னம் கிடைக்காது. தேர்தல் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும் காலத்தில் யாப்பு, பதவியாளர் பட்டியல், கணக்காய்வு செய்த கணக்கு, கொள்கை அறிக்கை எல்லாம் கொடுத்து, தொடர்ச்சியாக அரசியல் வேலை செய்திருப்பதையும் காட்ட வேண்டும். தேர்தல் அறிவித்தபின் இதற்கு ஓடினால் எட்டாது.

உடனடி வழி சுயேட்சைக் குழு. பாராளுமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபாய் கட்டுப்பணம். இந்த மாவட்டத்தில் ஏழு பேருக்கு 14,000. யாழ்ப்பாணத்தில் 2024இல் சுயேட்சைக் குழு 17 ஒரு ஆசனம் எடுத்தது, எனவே நடக்காத காரியமில்லை. ஜனாதிபதித் தேர்தல் வேறு: கட்சி இல்லாமல் கேட்பவர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், கட்டுப்பணம் 75,000.

பிழை வருவது பெரும்பாலும் கடதாசியில்தான். வேட்புமனுவைக் கடைசி நாள் நண்பகலுக்கு முன் மாவட்டச் செயலகத்தில் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுத்திருக்க வேண்டும். சபைத் தேர்தல் என்றால் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டு, பெண்கள், இளைஞர் விகிதமும் சரியாக இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை உறுதிப்படுத்திய விதம் சரியில்லை என்று நாடெங்கும் மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. ஒரு நாள் முன்னதாகவே எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பி, அதில் சம்பந்தப்படாத ஒருவரைக் கொண்டு சரிபாருங்கள்.

காசு இல்லாதவன் எப்பிடி அவங்களோட மோதுறது?

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் செலவுக்கு எல்லை உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று ஆணைக்குழு வரையறுத்தது. எல்லை இருந்தும் பெரியவர்களின் பணம் பெரியதுதான்.

சின்னக் குழுக்கள் கவனிக்க வேண்டியது வேறு. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். தோற்ற சோர்வில் விட்டுவிட்டுப் பிறகு வழக்கில் மாட்டுவது சின்னவர்கள்தான். முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியும் பற்றுச்சீட்டுப் போட ஒரு கோப்பும் வையுங்கள்.

தமிழ்நாட்டில, அமெரிக்காவில எல்லாம் மூன்றாவது ஆள் வெல்லுறதே இல்லையே?

அங்கே தொகுதி முறை, நம் பழைய 1977 முறைபோல. தமிழ்நாட்டில் 2006இல் விஜயகாந்தின் கட்சி 8 வீதத்துக்கு மேல் எடுத்து ஒரே ஒரு தொகுதி வென்றது. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 8 வீதத்துக்கு மேல் எடுத்தும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1992இல் ரொஸ் பெரோ 19 வீதம் எடுத்தார், தேர்வாளர் வாக்கு பூச்சியம். 2000இல் புளோரிடாவில் புஷ் வென்றது 537 வாக்கால். அங்கே ரால்ப் நாடருக்குப் போனது 97,000க்கு மேல். "மூன்றாவது ஆள் கெடுத்துவிட்டார்" என்ற பேச்சுக்கு அங்கே ஆதாரம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சீட்டில் 2 போட இடமில்லை. நம் சீட்டில் இருக்கிறது. அவர்களுடைய பயத்தை இங்கே இறக்குமதி செய்யத் தேவையில்லை.

3 வீதத்தில இருந்தவங்க ஆட்சிக்கு வந்திட்டாங்க. அப்ப யாரும் வரலாம்தானே?

தேசிய மக்கள் சக்திக்கு 2019இல் 3.16 வீதம், 2020இல் 3 ஆசனம், 2024 நவம்பரில் 159. பார்க்க மந்திரம் போலத்தான் இருக்கும். ஆனால் 1965இல் தொடங்கிய ஒரு கட்சியின் ஊர்க் கிளைகள் அதற்குப் பின்னால் இருந்தன. 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் 145 ஆசனம் வைத்திருந்த மொட்டைச் சரித்தபோது, அந்த வெறுமையில் நிற்க ஆயத்தமாக இருந்தார்கள். ஆயத்தமில்லாதவருக்கு வெறுமை பயன்படாது. இன்று அவர்களே முதலாவது. மேலே சொன்ன கணக்கெல்லாம் இனி அவர்களுக்கு எதிரே நிற்கும் மற்றவர்களுக்கு.

வெறுத்துப்போய் சீட்டைப் பழுதாக்கிப் போட்டா செய்தி போகாதா?

போகாது. "யாரும் வேண்டாம்" என்று போட நம் சீட்டில் இடமில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 3 இலட்சம் சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன; வெறுத்தவர் எத்தனை, தெரியாமல் பிழைவிட்டவர் எத்தனை என்று பிரிக்க வழியில்லை. 5 வீதமும் பாதியும் செல்லுபடியான வாக்கில்தான் பார்க்கப்படும், ஆகவே பழுதான சீட்டு யாரையும் தடுக்காது.

இப்ப தேர்தல் இல்லை. இண்டைக்கு என்ன செய்யலாம்?

கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், பதினெட்டு வயதானவர்களை முக்கியமாக. உங்கள் வட்டாரத்தின் எல்லையும் போன தடவை விழுந்த வாக்கும் தெரிந்திருக்கட்டும்.

பிறகு சபையைக் கவனியுங்கள். தகவல் அறியும் சட்டம் 2016 முதல் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "அபிவிருத்திக்கு என்ன செலவழித்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வட்டாரத்தின் பெயர், ஆண்டு, வேலையின் பெயர் எழுதி, தெருவிளக்குக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த காசோலையின் திகதி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும்.